சிரம்பானுக்குப் போன சீர்ப்பெட்டி

திண்டுக்கல்லில் சாமான் வாங்கப் போகும்போது பைகளை எங்கே வைப்பது என்று நாங்கள் யோசித்ததே கிடையாது. முதலில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைவோம். ஒரு தாம்பாளம் எடுத்ததும் என் மனைவி செல்வி, "அண்ணே, இது இங்கனயே இருக்கட்டும், செத்த நேரத்துல வாரோம்" என்று சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு ஜவுளி, பழம், மளிகை என்று எது வாங்கினாலும் அந்தக் கடையின் மூலையில் கொண்டுவந்து வைப்போம். சீட்டு கிடையாது. கடைக்காரரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஊர்ப் பேருந்தில் ஏறுவோம்.

கோலாலம்பூரில் எங்களுக்கு அப்படி ஒரு பாத்திரக்கடை இல்லை. அதனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை வசந்தி கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். பல வருடம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் தாரணி. அந்தக் குழந்தைக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். நான் தாய்மாமன். கொடைரோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மல்லிகைத் தோட்டமும் ஒரு மாட்டுத் தீவனக் கடையும் வைத்திருக்கிறேன். வெளிநாடு போகிற ஆள் இல்லை. புது ஆட்களிடம் வாய் திறந்து பேச எனக்கு வராது. பேருந்தில் ஜன்னலை மூடச் சொல்ல வேண்டியிருந்தால்கூட நனைந்துகொண்டே வந்துவிடுவேன். ஆனால் மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், மாமன் வீட்டுக் கம்மலைத்தான் போட வேண்டும். அதனால் போனோம்.

எங்கள் பக்கத்தில் சீருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாமன் முதல் நாளே வந்து தங்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். சீர் மட்டும் முன்கூட்டி அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. விசேஷத்தன்று வெளியிலிருந்து தட்டுத் தட்டாக வந்து சேர வேண்டும். தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். அதுவரைக்கும் சீர்ச் சாமான் ஊரில் வேறு யார் வீட்டிலாவது இருக்கும். வைத்திருந்த வீட்டுக்காரர்களும் வெறுமனே அனுப்ப மாட்டார்கள், தங்கள் பங்குக்கு ஒரு தட்டு சேர்த்துத்தான் அனுப்புவார்கள்.

கம்மல், பாவாடை, சேலை, வேட்டி எல்லாவற்றையும் குலதெய்வக் கோயிலில் வைத்துக் கும்பிட்டு, ஒரு பெட்டியில் அடுக்கி, கைப்பிடியில் மஞ்சள் துணியால் முடிச்சுப் போட்டிருந்தோம். காது குத்துகிற அன்றைக்குத்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று செல்வி சொல்லிவிட்டாள். விமான நிலையத்தில் யாராவது அவிழ்க்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய பயமெல்லாம். யாரும் சொல்லவில்லை.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் போய் இறங்கினோம். வசந்தியின் வீட்டுக்காரர், நாங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், வண்டியோடு வந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் அவளே சொன்னாள்.

"நாங்க வாரோம் தம்பி. பெட்டி வரக் கூடாது."

மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பெட்டி எப்படி எங்களை விட்டுத் தனியாக இருக்கும் என்று கேட்டார். தெரிந்தவர்கள் வீடு ஏதாவது உண்டா என்று செல்வி கேட்டாள். எல்லோரும் அதே அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள், ஒரே படி, ஒரே லிஃப்ட் என்றார். அது கணக்கில் சேராது என்று செல்வி சொல்லிவிட்டாள். பிறகு, ஊர் சுற்ற வருகிறவர்கள் பெட்டியை வைத்துவிட்டுப் போகும் கடைகள் இருக்கின்றன என்றார். எங்கள் பாத்திரக்கடைதான், ஆனால் சீட்டுக் கொடுக்கும் பாத்திரக்கடை.

பிரிக்பீல்ட்ஸ் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். தமிழ்க் கடைகளாக இருந்தன. சாம்பிராணி, வாழையிலை, பூ. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் குண்டு மல்லி வைத்திருந்தார்கள். ஒரு டப்பாவை எடுத்து மோந்து பார்த்தேன். நேற்றுப் பறித்த பூ. எங்கள் சந்தைக்கு வந்த பூவாகக்கூட இருக்கலாம். எந்த ஊர்ப் பூ என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்துவிட்டேன்.

கடை ஒரு சீனத்து அம்மாவுடையது. முன்பக்கம் குடை, கைப்பேசி உறை, கடிகாரம். பின்பக்க அறையில் வெளியூர்க்காரர்களின் பெட்டிகள். அந்தத் தெருவிலேயே பல காலம் இருந்ததால் தமிழ் நன்றாகவே பேசினார். பெட்டிக்கு ஒரு சீட்டைக் கட்டிவிட்டு என் கைப்பேசி எண்ணைக் கேட்டார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஊர் எண் ஒன்றுதான். அது அங்கே வேலை செய்யாது என்பது அப்போது எனக்கும் தோன்றவில்லை, மாப்பிள்ளைக்கும் தோன்றவில்லை.

உள்ளே தங்கம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன் என்று மட்டும் சைகை காட்டினேன். அந்த அம்மா வாசலில் வேறு யாருடனோ பேசிக்கொண்டே தலையாட்டினார்.

ரயிலில் போனால் பெட்டியை இருக்கைக்கு அடியில் உள்ள கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும். அந்தச் சங்கிலியும் திண்டுக்கல்லில் வாங்கிய பூட்டும் கைப்பையில் இருந்தன. அறையில் வெளிச்சம் குறைவு. சுவரோரம் கறுப்பு உறை போட்ட ஏதோ ஒரு சட்டம் நின்றது. உறைக்குக் கீழே நல்ல கனமான இரும்புக் கம்பி தெரிந்தது. பெட்டி அடுக்கும் தாங்கி என்று நினைத்து, சங்கிலியைக் கம்பிக்குள் விட்டு, பெட்டியின் கைப்பிடியில் சுற்றிப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். வெளியே வந்தபோது உடம்பே லேசாக இருந்தது.

அன்றைக்கு ஊர் பார்த்தோம். அந்த இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். "இம்புட்டு உசரத்துல உக்காந்து என்ன வேலை பாப்பாக?" என்று செல்வி கேட்டாள். கணக்கு எழுதுவார்கள் என்றேன். மேம்பாலத்தில் ஓடும் ரயிலில் ஓட்டுநர் இல்லை என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு அவள் கம்பியை விடவே இல்லை.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரோட்டாவை அங்கே ரொட்டி சானாய் என்கிறார்கள். தட்டையாக, மெத்தென்று இருக்கிறது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. சால்னா என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பிரியாணி நீள அரிசியில் செய்தது. சீரகச் சம்பா இல்லாமல் அதைப் பிரியாணி என்று கூப்பிட எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் தேநீரை ஒரு ஆள் உயரத்துக்கு இழுத்து ஆற்றுகிறார்கள், ஒரு சொட்டு வெளியே போவதில்லை.

வசந்தி வீட்டில் அவளுடைய மாமியார் இருந்தார். அவருடைய தாத்தா பழனிக்குப் பக்கத்தில் தொப்பம்பட்டியிலிருந்து கப்பலேறிப் போனவர். இந்தம்மா அந்த ஊரைப் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் கையில் சீர்ப்பெட்டி இல்லாததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் இரண்டாம் நாள் காலை கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, மாமன் வந்துட்டீங்க. சீரைக் காணோமுங்களே. அது தனி ஏரோப்ளேன்ல வருதுங்களா?"

வசந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. வழக்கம் தெரியாமல் கேட்கவில்லை, வழக்கம் தெரிந்ததால்தான், சீரை வைத்திருக்க எங்களுக்கு அங்கே வேறு வீடு ஏது என்று கேட்டார். வருஷக்கணக்காகப் பிள்ளையில்லாமல் இருந்தவள், முதல் விசேஷம், அதற்கு அண்ணன் என்ன கொண்டுவருவான் என்று அந்த மாடியில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். வர வேண்டிய நேரத்துக்கு வரும் என்று செல்வி பதில் சொன்னாள். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மாப்பிள்ளை லாரியில் தெற்கே தூரத்தில் உள்ள ஜோகூருக்குப் போய்விட்டார், மறுநாள் காலையில்தான் திரும்புவார். நாங்கள் இருவரும் தட்டுகளும் பழங்களும் வாங்கக் கிளம்பினோம். ஒன்பது தட்டு என்று செல்வி முடிவு செய்திருந்தாள். தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், ஆரஞ்சு, இனிப்பு என்று சேர்த்துக்கொண்டே போனோம். எங்கள் ஊரில் கிடைக்காத பழமாக ஒரு தட்டு இருக்கட்டும் என்று மங்குஸ்தான் ஒரு பை வாங்கினாள். ஒவ்வொன்றாகச் சுமந்து முடியாமல், சாயங்காலம் எல்லாவற்றையும் பெட்டிக் கடையில் சேர்த்துவிடலாம் என்று போனோம்.

எங்களைப் பார்த்ததும் கடைக்கார அம்மா எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்த விதத்திலேயே திட்டு வாங்கி முடித்தவர் என்று தெரிந்தது.

"அங்கிள், உங்க பெட்டி சிரம்பான் போயிருச்சி லா" என்றார் அந்த அம்மா.

செல்வி கையிலிருந்த பைகளைக் கீழே வைத்தாள். தரையில் வைக்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

நான் தாங்கி என்று நினைத்தது தாங்கி இல்லை. அது மடக்கி உறை போட்டு வைத்திருந்த ஒரு புதுச் சக்கர நாற்காலி. ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் சிரம்பான் ஊரில் இருக்கும் ஒரு மலாய்க்காரர் தன் அம்மாவுக்காக வாங்கி, வேறு வேலைகளை முடிக்கும்வரை அங்கே வைத்திருந்தார். அன்று காலை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதாகத் தகவல் வந்ததும் நாற்காலியை எடுக்க ஓடி வந்திருக்கிறார். எடுத்தால் கூடவே என் பெட்டியும் வந்தது. கடைக்கார அம்மா வெளியே போயிருந்த நேரம். வீட்டுக்காரர் என் எண்ணுக்கு அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு, அந்த ஆளின் விலாசத்தையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்.

"நாப்பது வருசமா கடை வச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மா. "பெட்டிய நாற்காலிக்குக் கல்யாணம் பண்ணி வச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்."

பிறகு அந்த மலாய்க்காரருக்கு அழைத்தார். நீண்ட நேரம் பேசினார்கள். செல்வி அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சங்கிலி குறுக்கே கிடப்பதால் நாற்காலியை விரிக்க முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். அம்மாவை விட்டுவிட்டு அவரால் இன்றைக்கு வர முடியாது. சாவியோடு யாராவது வந்தால் போதும்.

"சங்கிலிய வெட்டிட்டாரா?" என்று செல்வி கேட்டாள்.

"வெட்டலை. ஏன் வெட்டலைன்னு எனக்கும் தெரியலை."

மாப்பிள்ளைக்கு அந்த அம்மாவின் கைப்பேசியிலிருந்தே பேசினோம். அவர் ஜோகூரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். சிரம்பான் அவர் திரும்பும் வழியில்தான், ஆனால் சாவி என்னிடம் இருந்தது. வசந்தியிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று செல்வி சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். யாரோ ஒரு அம்மா என் பூட்டால் கட்டிலில் கிடக்கிறார் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"போறேன்" என்றேன்.

"தனியாவா? பேசுவீகளா?"

அதனால் இருவரும் போனோம். கடைக்கார அம்மா விலாசத்தை எழுதிக் கொடுத்து, எந்த ரயில் என்று சொல்லி, ரயிலடிவரை வந்து ஏற்றிவிட்டார். மற்ற சாமான்களைக் கடையில் வைத்தோம். மங்குஸ்தான் பை மட்டும் ஏனோ என் கையிலேயே இருந்தது.

ரயில் சுத்தமாக இருந்தது. உட்கார இடமும் கிடைத்தது. பெட்டியில் எல்லோரும் பெண்களாக இருந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்திலும் சில நேரம் அப்படி அமைந்துவிடும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு ஒரு தமிழ்ப் பெண் குனிந்து, மெல்லச் சொன்னாள். "அங்கிள், இது லேடீஸ் கோச்." ரோஜா நிறத்தில் கதவிலேயே எழுதியிருந்தார்களாம். ரோஜா நிறம் அழகுக்காக என்று நான் நினைத்திருந்தேன்.

எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனேன். செல்வி அந்தப் பெட்டியில், நான் இந்தப் பெட்டியில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் இறங்கிவிட்டாளா என்று கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே சிரம்பான் போய்ச் சேர்ந்தேன். இறங்கியதும் அவள் என் கையைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன். மங்குஸ்தானை நான் எடுத்துப் போயிருப்பேன் என்று அவளும், அவளிடம் விட்டுவந்தேன் என்று நானும் நினைத்திருந்தோம். ரயில் போய்விட்டது.

"இப்ப எட்டுத் தட்டுதான்" என்றாள் செல்வி. பெட்டியே இல்லாதபோது தட்டைப் பற்றி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மலாய்க்காரர் ரயிலடிக்கு வெளியே காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் கை வைத்து, நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். நான் கும்பிட்டேன். வண்டியில் ஏறினோம். வழி நெடுக அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேச மொழி இல்லை என்பது எனக்கு எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டு வாசலில் சேலை கட்டிய ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், தமிழ்க்காரர்.

"வாங்க வாங்க. நீங்கதான் பூட்டுக்காரரா?" என்றார். "மத்தியானத்துல இருந்து இந்த வீட்டுல உங்களுக்கு அதான் பேரு."

உள்ளே எங்கள் பெட்டி சோபாவின் மேல், நடுவில் இருந்தது. ஒரு பூப்போட்ட துணியை விரித்து அதன் மேல் வைத்திருந்தார்கள். அதன் பக்கவாட்டில் நாற்காலி மடங்கியபடி சாய்ந்து நின்றது. வீட்டில் இருந்த குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தன. சோபாவில் வேறு யாரும் உட்காரவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது. மலாய்க்காரர் கம்பி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாராம். கைப்பிடியில் மஞ்சள் துணி முடிச்சைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, இது உங்கள் ஆட்களுடையதா என்று இவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"நான்தான் சொன்னேன், இது விசேஷச் சாமான், சாமி கும்பிட்டுக் கட்டியிருக்கு, கத்தரி வைக்காதீங்க, தரையிலயும் வைக்காதீங்கன்னு. சரின்னுட்டாரு. அதான் அவங்க அம்மா கட்டில்ல, உங்க பெட்டி சோபாவுல."

கட்டில் அடுத்த அறையில் இருந்தது. கதவு வழியாக அந்தப் பெரியம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் வெள்ளைத் துணி. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேலை முடியட்டும் என்று பார்ப்பது போல் பார்த்தார்.

செல்வி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சுதான். அப்படியே இருந்தது.

சாவி என் அரைஞாண் கயிற்றில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் அதை எப்படி எடுப்பது? நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா என்ன சொன்னாரோ, எல்லோரும் சட்டென்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது ஓடவே இல்லை. முடிச்சு இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் அந்தக் கறுப்புத் திரையைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூட்டு திறந்தது. மலாய்க்காரர் உறையை உருவி நாற்காலியை விரித்தார். மகனும் மருமகளும் சேர்ந்து பெரியம்மாவைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். அவர் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். முன்னால் போனது. பின்னால் இழுத்தார். வந்தது. பிறகு யாரையும் கேட்காமல் நேராகச் சமையலறைக்குள் போனார். உள்ளே பாத்திரம் திறந்து மூடும் சத்தமும், மருமகளைக் கேள்வி கேட்கும் சத்தமும் கேட்டன. அந்த வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது போல் இருந்தது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்து, "என்னால அவகளுக்கு ரொம்பச் சிரமம். தெரியாமப் பூட்டிட்டேன்னு சொல்லுங்க" என்றேன். அந்த வருடத்தில் நான் புது ஆட்களிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பெரியம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பதில் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே மாற்றிச் சொன்னார். "நல்ல பூட்டாம். அவங்க மகன் மத்தியானத்துல இருந்து அவங்களை விட அதைத்தான் அதிகமாப் பாத்துக்கிட்டு இருந்தாராம்."

கிளம்பும்போது மருமகள் ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். பச்சை நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், மேலே தேங்காய்த் துருவல். எங்கள் கொழுக்கட்டையைச் சாயத்தில் முக்கியது போல் இருந்தது. உள்ளே பனைவெல்லமாம். விசேஷ வீட்டுக்குப் போகிற பெட்டி எங்கள் வீட்டிலிருந்து சும்மா போக வேண்டாம் என்று பெரியம்மா சொல்கிறார், தட்டைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்கிறார் என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

செல்வி தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் சீர்த் தட்டை அப்படித்தான் வாங்குவார்கள்.

திரும்பும்போது நான் ஆண்கள் இருந்த பெட்டியைத் தேடி ஏறினேன். செல்வியும் கூடவே ஏறினாள். சீர்ப்பெட்டியை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பாதி வழியில்தான் பூட்டும் சங்கிலியும் சிரம்பானில் சோபா மேலேயே கிடக்கின்றன என்று எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். "கெடக்கட்டும்" என்றாள்.

பிரிக்பீல்ட்ஸில் மற்ற கடைகள் சாத்திக்கொண்டிருந்தன. சீனத்து அம்மா முன்விளக்கைப் போட்டுக் காத்திருந்தார். பெட்டியை மறுபடி உள்ளே வைப்பதற்கு முன் என்னிடம் ஒரு அட்டையையும் பேனாவையும் கொடுத்து, இனிமேல் வருகிற தமிழ்க்காரர்களுக்காக எழுதச் சொன்னார். "பெட்டிகளை மற்ற சாமான்களோடு சேர்த்துப் பூட்ட வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும். அதை அங்கேயே ஆணியில் மாட்டினார்.

செல்வி அவரிடம் ஒன்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் சீர் இருந்த வீட்டுப் பெண்தான் முதல் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், நாளைக்குக் கொடுப்பீர்களா என்றாள். அந்த அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்.

மறுநாள் அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, கூடவே வண்டியில் ஏறிக்கொண்டார்.

வசந்தியின் வீடு பதினோராவது மாடியில். ஊரில் சீர் தெருவை அடைத்துக்கொண்டு வரும். இங்கே லிஃப்டில்தான் போக வேண்டும். மேளத்துக்கு அனுமதி இல்லை என்பதால் மாப்பிள்ளையின் கைப்பேசியில் நாதஸ்வரம் வாசித்தது. தட்டுகளோடு எல்லோரும் உள்ளே ஏறினோம். லிஃப்ட் கூவியது. கதவு மூடவில்லை. ஒருவர் இறங்க வேண்டும் என்றது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் முதலில் இறங்குகிற ஆள் நான்தான், பழக்கம். என் தட்டோடு இறங்கினேன். கதவு மூடிக்கொண்டது. மாமன் இல்லாமல் சீர் மேலே போய்விட்டது.

பக்கத்து லிஃப்ட் பழுது. போனது திரும்பி வரும்வரை பச்சை உருண்டைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

மேலே கதவு திறக்கும்போதே சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, நேத்து வரைக்கும் மாமன் இருந்தாரு, சீரைக் காணோம். இன்னிக்கி சீரு வந்துருச்சுங்க, மாமனைக் காணோம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வசந்தியும் சிரித்தாள். நான் போய் அந்தத் தட்டை வரிசையின் கடைசியில் வைத்தேன். செல்வியின் கண் வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போய்த் திரும்பியது. ஒன்பது.

சம்பந்தியம்மா பச்சை உருண்டைகளைக் குனிந்து பார்த்தார். அந்தப் பலகாரம் அவருக்குத் தெரியும், அது யார் வீட்டில் செய்வது என்றும் தெரியும். "இது எந்தத் தட்டுங்க?" என்றார்.

"சீரு இருந்த வீட்டுத் தட்டு" என்றாள் செல்வி.

அவர் செல்வியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதல் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற சீனத்து அம்மாவைப் பார்த்தார். பிறகு, "அப்படின்னா அதை முன்னால வைங்க" என்றார். அவரே எடுத்துச் சீர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மஞ்சள் முடிச்சை வசந்திதான் அவிழ்த்தாள். தாரணி என் மடியில் உட்கார்ந்தாள். ஒரு காது குத்தும்போது அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அடுத்த காதுக்கு முன்னால் ஒரு பச்சை உருண்டையை அவள் வாயில் வைத்தேன். கடித்ததும் உள்ளிருந்த வெல்லம் வழிந்து என் புது வேட்டியில் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இரண்டாவது காது குத்தியதைக் கவனிக்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் பூட்டைப் பற்றி ஒரு தகவல் வந்தது. மலாய்க்காரர் கடைக்கார அம்மாவுக்கு அழைத்து, பூட்டை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். சாவியையும் அந்த வீட்டு மேசையிலேயே விட்டு வந்திருந்தேன். அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லச் சொன்னேன். இப்போது பெரியம்மா தூங்கும்போது நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறாராம். பேரப்பிள்ளைகள் ஓட்டிக்கொண்டு போய்விடுகின்றனவாம்.

திருச்சியில் இறங்கி, திண்டுக்கல் வந்து, பேருந்து நிலையத்தில் எங்கள் பேருந்துக்காக நின்றோம். செல்வி பூ வாங்கப் போனாள். எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. கையில் இரண்டு பெட்டி. சங்கிலி இல்லை. கம்பி நிறைய இருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஏம்மா, செத்த பாத்துக்கிறீகளா?" என்று கேட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. காலைத் தூக்கி என் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டாள்.